அரிசி மூட்டைக்கும் எனக்கும் நடந்த போட்டி

அன்று காலை அந்தச் சாலையில் இருந்தவர்கள்: என் மனைவி, அவளுக்கு வண்டி பழக்கிக் கொடுத்த பெண், ஒரு இ-ரிக்‌ஷாக்காரர், நான். ஆள் கணக்கு நான்கு. நாய் இரண்டு. இது போக ஐம்பது கிலோ பொன்னி அரிசி, இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டாக. ஓர் அரசு அலுவலகக் கேன்டீனில் இருபத்திரண்டு வருடமாக டீ கொடுக்கிறவன் நான். எத்தனை தலை என்று எண்ணாமல் ஓர் அறைக்குள் கால் வைக்க எனக்கு வராது. அன்றைக்கு அரிசியைத் தலைக் கணக்கில் சேர்ப்பதா, சரக்குக் கணக்கில் சேர்ப்பதா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஏனென்றால் போட்டியே எனக்கும் அதற்கும்தான்.

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், இன்னும் கட்டிடம் வராத ஒரு செக்டருக்குள் அகலமாக ஒரு சாலை போகும். போகும் என்றால் சும்மா போகும். கடைசியில் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றுவிடும். வண்டி பழகுகிறவர்களுக்கு அதைப்போல இடம் கிடையாது. பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. நான் ஸ்வெட்டர் இரண்டு போட்டிருந்தேன். ஒன்று குளிருக்கு, மற்றது விழுந்தால் தோல் போகாமலிருக்க.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவள் கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் பி.காம். படித்து, பரீட்சை எழுதி, வங்கியில் வேலைக்குச் சேர்ந்தவள். நாற்பத்தொன்றாம் வயதில், போன வருடம், தன் சொந்தச் சேமிப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். ஸ்கூட்டர் வாங்கேன், கால் வைக்கச் சௌகரியமாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கால் வைப்பதற்குத் தரையே இருக்கிறது, வண்டி எதற்கு என்று கேட்டுவிட்டாள்.

அவள் நன்றாக ஓட்டுவாள். இதை நான் பயந்துகொண்டே சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக ஓட்டுவாள். கெடுத்தது நான்தான்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காரத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உட்காருவதில் தெரிவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் ஜனவரியில் ஜனக்புரிப் பக்கம் ஒரு ரவுண்டானாவில் வண்டி வலது பக்கம் வளைந்து சாய்ந்தபோது, நான் விழுந்துவிடக் கூடாதே என்று இடது பக்கம் முழு உடம்பையும் தள்ளினேன். வண்டி வளைய மறுத்து நேராகப் போய் நடைபாதைக் கல்லில் உரசிச் சாய்ந்தது. மெதுவாகத்தான் விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் தோல் போயிற்று, வண்டிக்கு ஒரு கண்ணாடி போயிற்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒன்றும் ஆகாமல் போனதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

அன்றிலிருந்து பின் சீட் எனக்கு இல்லை என்றாகிவிட்டது. நான் வீட்டில், அவள் சாலையில். கைப்பேசியில் அவள் போகிற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புள்ளி நகர்ந்தால், இவ்வளவு வேகமாகப் போகிறதே என்று பயம். புள்ளி நின்றால் அதைவிடப் பயம். சிவப்பு விளக்கில் நின்றிருக்கிறாள் என்று புத்திக்குத் தெரியும், விரல் அதற்குள் அவள் எண்ணை அழுத்தியிருக்கும். அவள் சட்டைப் பையில் மணி அடிக்கும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்: “நான் விழுந்தேன்னா அது உங்க போன் சத்தத்துலதான் விழுவேன், தெரிஞ்சுக்கிடுங்க.”

அதற்குப் பிறகு போன் செய்வதை விட்டேன். புள்ளியைப் பார்ப்பதை விட முடியவில்லை.

இந்த நிலையில்தான் மலைப் பயணம் வந்தது. வண்டி பழக்கிக் கொடுக்கிற பெண் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்து மார்ச் மாதம் இரண்டு நாள் மலைக்குப் போக ஏற்பாடு செய்தாள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். விமான நிலையத்தில் வேலை. அப்பா அம்மாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. தமிழ் பேசுவாள், பாதி வழியில் இந்தியில் இறங்கிக்கொள்வாள். அவள் சட்டம் ஒன்றே ஒன்று. பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிறவர்கள், அந்த ஆளை முதலில் அவளிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவள் சரி என்றால் பின் சீட், இல்லையென்றால் வீடு.

வீடு என்றால் எனக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். இரண்டு நாள் நீலப் புள்ளி. அதுவும் மலையில். அங்கே சிக்னல் போய்விடும், புள்ளியே இருக்காது. புள்ளி இல்லாத இரண்டு நாளை நான் உயிரோடு கடப்பேனா என்று ஒரு வாரம் முழுக்க யோசித்து, டீயில் ஒரு தடவை சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். அதனால்தான் ஞாயிறு காலை, போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

அரிசி வந்தது தற்செயல். மாதாமாதம் மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் பொன்னி வாங்கி இ-ரிக்‌ஷாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவோம். அன்றைக்கு வழியிலேயே பரீட்சை என்பதால் ரிக்‌ஷாவும் என்னையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு மனைவியின் வண்டிக்குப் பின்னாலேயே வந்து நின்றது. அந்தப் பெண் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் எடை எவ்வளவு என்று கேட்டாள். ஐம்பத்தாறு என்றேன். மூட்டை இரண்டையும் சேர்த்துப் பின் சீட்டில் கட்டச் சொன்னாள். பாரம் ஒன்றுதான், பாரத்தின் புத்தி வேறாக இருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

கட்டியவன் நான்தான். அவிழ்ந்தால் மனைவிக்கு ஆபத்தாயிற்றே என்று நாலு பக்கமும் இழுத்து இழுத்துக் கட்டினேன். என் எதிரிக்கு நானே சீட் போட்டுக் கொடுத்தேன்.

சாலையில் அந்தப் பெண் செங்கல் துண்டுகளை எட்டு வடிவத்தில் வைத்திருந்தாள். என் மனைவி மூட்டையோடு அதில் நுழைந்தாள். இடது, வலது, மறுபடி இடது. நூல் பிடித்த மாதிரி இருந்தது. மூட்டை தோளைப் பிடிக்கவில்லை. ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. எதிரே வராத லாரியை வருவதாக அறிவிக்கவில்லை. மூன்று சுற்று முடித்து என் முன்னால் வந்து நிறுத்திவிட்டு மூட்டையைத் தட்டிக் கொடுத்தாள்.

“பாருங்க, எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கு.”

மூட்டையை இறக்கிவிட்டு நான் ஏறினேன். ஹெல்மெட் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். முதல் செங்கல்லைத் தாண்டவில்லை, அவள் வண்டியை நிறுத்திவிட்டாள்.

“என்னைய பிடிக்கீங்களா, இல்ல கழுத்த நெரிக்கீங்களா?”

கையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்தேன். அந்தப் பெண் வந்து என் கையை, காலை, முழங்காலை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தாள், கடைப் பொம்மைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி. நெருங்கி உட்கார வேண்டும். முழங்கால் இரண்டும் ஓட்டுகிறவரின் இடுப்பை அணைத்திருக்க வேண்டும். ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால் கம்பியில். வண்டி நின்றாலும் கால் கீழே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். என் ஹெல்மெட் மனைவியின் ஹெல்மெட்டில் இடித்தது.

இரண்டாவது தடவை எட்டுக்குள் போனோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்ததும் என் உடம்பு தானாக வலப்பக்கம் போயிற்று. நான் போகச் சொல்லவில்லை. செங்கல் ஒன்று நொறுங்கியது. மூன்றாவது தடவை இரண்டு செங்கல். நாய்கள் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டன. இ-ரிக்‌ஷாக்காரர் தன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, நெடுநாளாகக் காத்திருந்த கூத்து கடைசியில் ஊருக்கு வந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை விட மூட்டை நன்றாக உட்காருகிறது, மூட்டையையே அழைத்துப் போங்கள், சாப்பாட்டுக்கும் ஆகும் என்று இந்தியில் யோசனை சொன்னார். என் மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பயத்துக்கு நடுவிலேயே வந்தது. அந்த மாதிரிச் சிரிப்பு கொஞ்சம் ஆபத்தானது, நிற்காது.

நாலாவது தடவைக்கு முன்னால் என் மனைவி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். அவள் குரலில் சிரிப்பு போயிருந்தது.

“எனக்கு நீங்க வரணும்னு ஆசைதான். ஆனா இப்படியே இருந்தா மலையில வளைவுல ரெண்டு பேரும் போயிருவோம். இன்னிக்கு உக்கார வரலன்னா விட்டுருங்க. நான் கோவப்பட மாட்டேன்.”

கோபப்படுவேன் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

அந்தப் பெண் என் கையையும் தோளையும் கவனித்தாள். பிறகு கேட்டாள்: “அண்ணா, ஆபீஸ்ல நீங்க என்ன வேலை?”

சொன்னேன். ஒரே தட்டில் பதினாறு டம்ளர், மூன்று மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. தட்டை எப்படிப் பிடிப்பீர்கள், நடந்து காட்டுங்கள் என்றாள். வெறுங்கையில் தட்டைப் பிடிப்பதாக வைத்துக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே அவள் என் தோளை ஒரு பக்கம் தள்ளினாள். நான் கண் இமைக்கும் நேரத்தில் மறுபக்கம் வளைந்து, இல்லாத தட்டை நேராக நிறுத்தினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“அச்சா,” என்றாள். “இதுதான் விஷயம். நீங்க அக்காவை சிந்தாம பிடிக்கிறீங்க.”

என் இருபத்திரண்டு வருட அனுபவத்தை ஒரே வரியில் குற்றமாக எழுதிவிட்டாள். ஆனால் உண்மை அதுதான். எது சாய்ந்தாலும் எதிர்ப்பக்கம் போய் நிறுத்துவது என் உடம்புக்குள் ஊறிவிட்டது. ரவுண்டானாவில் நான் பயந்ததால் மட்டும் விழவில்லை. வேலையில் கெட்டிக்காரனாக இருந்ததாலும் விழுந்தோம். இதைக் கேட்டதும், சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் தன் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மீதியோடு மூடி, வண்டியின் கைப்பிடிக் கம்பிக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினாள்.

“உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வளைவுல தண்ணி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துச் சொல்லணும். லெஃப்ட்ல திரும்பினா அக்காவோட லெஃப்ட் தோளுக்கு மேல பாருங்க. ரைட்னா ரைட் தோள். பஸ், இத்னா ஹி. அவ்வளவுதான்.”

இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வண்டி சாய்ந்தால் தண்ணீர் சாயும். தட்டுச் சாய்ந்தால் டீ விளிம்புக்கு வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பரீட்சை வேண்டாம்.

கிளம்பினோம். முதல் வளைவு இடது. அவள் இடது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வண்டி சாய்ந்தது, புட்டியும் அதோடு சாய்ந்தது. தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தின் விளிம்பும் தண்ணீரின் மட்டமும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருந்தன. ஒரு பக்கமும் ஏறவில்லை, ஒரு பக்கமும் இறங்கவில்லை. நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்தது வலது. வலது தோளுக்கு மேல் எட்டினேன். தண்ணீர் லேசாகக் குலுங்கியது, அவ்வளவுதான். சாயவில்லை.

“சாயலை,” என்றேன்.

“என்னது?”

“தண்ணி சாயலை. இன்னொரு தடவை போ.”

இன்னொரு தடவை போனாள். சாயவில்லை. என் வாழ்க்கையில் ஒரு லட்சம் டம்ளர் டீயாவது தூக்கியிருப்பேன். டம்ளர் சாய்ந்தும் உள்ளே இருப்பது சாயாமல் இருந்ததை நான் கண்டதே இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார் என்றேன். சாய்த்தாள். தரை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து போயிற்று, தண்ணீருக்கு அந்தச் சேதியே போகவில்லை. இடது தோள், வலது தோள், இடது தோள் என்று குழந்தை ஜன்னலில் மாறி மாறி எட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே போனேன். இவ்வளவு நாளும் எதை விழாமல் நிறுத்தப் போராடினேனோ அது விழப் போகவே இல்லை. திரும்புகிற வேகமும் சாய்கிற அளவும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டிருந்தன. நடுவில் புகுந்து கத்தியவன் நான் ஒருவன்தான். ஹெல்மெட்டுக்குள் சிரிக்க ஆரம்பித்தேன். என் மூச்சில் கண்ணாடி மங்கி, எதிரே ஒன்றும் தெரியாமல் போயிற்று. அது எனக்குப் பயமாக இல்லை என்பதை நான் கவனித்தபோதுதான் கொஞ்சம் பயம் வந்தது.

எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. நான், எண்ணவில்லை.

நின்றபோது அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். ஒரு செங்கல்கூட நொறுங்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். தண்ணீரைப் பற்றி நான் மூச்சுவிடாமல் விளக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் நல்ல சாட்சிதான், ஆனால் பாதிதான் வேலை செய்தது என்றாள். மீதிப் பாதி என் கழுத்து. வளைகிற பக்கத்துத் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறவன் உடம்பு அந்தப் பக்கமே போகும்; எதிர்ப்பக்கம் போக வழி கிடையாது. புட்டியை அங்கே கட்டியதே நான் எட்டிப் பார்ப்பதற்காகத்தான்.

ஏமாற்றிவிட்டாள் என்று தோன்றியது. இந்த மாதிரி யாராவது என்னைத் தினமும் ஏமாற்றக் கூடாதா என்றும் தோன்றியது.

பிறகு புட்டியை அவிழ்த்துவிட்டு உண்மையான பரீட்சை. எட்டு மூன்று முறை, நேர் சாலையில் சட்டென்று பிரேக் இரண்டு முறை. பிரேக்கில் அவள் முதுகின் மேல் போய் விழாமல் முழங்காலை இறுக்கிப் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் தன் வண்டியில் கூடவே வந்து என்னை மட்டும் பார்த்தாள். கடைசியில் ரிக்‌ஷாக்காரரையும் கேட்டாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இப்போது பரவாயில்லை என்றார்.

“பாஸ் அண்ணா. மூட்டை செகண்ட்.”

அரிசியை எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனிடம் இறக்கச் சொல்லி ரிக்‌ஷாவை அனுப்பிவிட்டோம். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாமா என்று என் மனைவி கேட்டாள், நான் சரி என்றேன். விமான நிலையச் சாலைப் பக்கம் திரும்பினோம். ஞாயிறு காலை, வெயில் அப்போதுதான் மஞ்சளாக இறங்கியிருந்தது. பஸ்கள் காலியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் நான் தோள் மாற்றி எட்டிப் பார்த்தேன். புட்டி இல்லை, இருந்தாலும் பார்த்தேன். வண்டி ஒரு மேம்பாலத்தில் ஏறி, வளைந்து இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் அது நடந்தது.

“இன்னும் கொஞ்சம் வேகமாப் போ,” என்றேன்.

அவள் தலையைப் பாதி திருப்பினாள்.

“பின்னால யாரு பேசுதது?”

“நான்தான்.”

“மூட்டைய எங்க?”

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கைப்பிடியை முறுக்கினாள். பாலம் வளைந்தது, அவள் சாய்ந்தாள், நான் சாய்ந்தேன், கீழே டெல்லி முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எங்களுக்கு வழிவிட்ட மாதிரி இருந்தது. நான் வாய்விட்டு என்னவோ கத்தினேன். சொல் ஒன்றும் இல்லை, சத்தம்தான்.

நாலு நாள் கழித்து அவள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ஐம்பது என்று எழுதியிருந்த சாலையில் அறுபத்து மூன்றில் போயிருக்கிறோம். கேமரா பிடித்துவிட்டது, அபராதம். வாழ்நாள் முழுக்க மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லி வந்தவன் ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னேன். அதற்கு அரசாங்கத்தில் பதிவு இருக்கிறது. என் மனைவிக்கு வெட்கமாகப் போயிற்று. முறுக்கிய கை என்னுடையது, நீங்கள் சொன்னால் எனக்குப் புத்தி வேண்டாமா என்றாள். விஷயத்தை மறைக்காமல் அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட்டாள். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல வசவு கொடுத்தாள். உட்காரத் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பு வரும், மலையில் முதலில் விழுகிறவர்கள் அந்த நினைப்புக்காரர்கள்தான் என்றாள். அபராதத்தைக் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் மார்ச் பயணத்தில் எங்களுக்கு இடம் என்றும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நியாயம். அதற்கப்புறம் நாங்கள் ஐம்பதைத் தொட்டதில்லை.

கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. மின்சார பில்லைக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே கட்டுகிறவன் நான். ஆனால் இதைத் தினமும் திறக்கிறேன், பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். அந்தச் செய்தியோடு ஒரு படம் இருக்கிறது. பாலத்து வளைவில் முன்பக்கத்திலிருந்து கேமரா எடுத்தது. அவள் ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அவள் வலது தோளுக்கு மேல், அதே சாய்வில், என் ஹெல்மெட் எட்டிப் பார்க்கிறது. எங்களைச் சேர்த்து இவ்வளவு நன்றாக யாரும் படம் எடுத்ததில்லை. கல்யாணப் படத்தில்கூட நான் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

பணம் கட்டினால் படம் அங்கேயே இருக்குமா, எடுத்துவிடுவார்களா என்று கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேன். எடுத்தாலும் எடுப்பார்கள் என்றார். கைப்பேசியில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். கைப்பேசி தொலைந்தால் என்ன செய்வது என்று காகிதத்தில் ஒரு நகல் எடுத்தேன். அதில் ஹெல்மெட் இரண்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டு ஒரே ஆள் மாதிரி வந்திருக்கிறது. வேறு கடையில் நல்ல காகிதத்தில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். கட்டிட்டீங்களா என்று அவள் காலையில் கேட்டாள். சனிக்கிழமை கட்டிவிடுகிறேன் என்றேன். மலைக்குக் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இன்றைய தேதிக்குப் பாக்கி இரண்டாயிரம் ரூபாய்.